காக்கிச் சட்டைக்கு லைசென்ஸ் உண்டா?

அமெரிக்காவில் தப்பு செய்த போலீஸ்காரரின் தொழில் சான்றிதழையே ரத்து செய்கிறார்களாமே? வக்கீல், டாக்டருக்கு இருப்பதுபோல் இங்கே போலீசுக்கு லைசென்ஸ் உண்டா?
- வாசகி, பெரம்பூர்

கிடையாது. வக்கீலின் பதிவை பார் கவுன்சில் நீக்கலாம், டாக்டரின் பதிவை மெடிக்கல் கவுன்சில் நீக்கலாம். நம் காவலர் கையில் இருப்பது நியமன உத்தரவு மட்டும்தான்.

அங்கே சான்றிதழ் தேவைப்பட்டதற்குக் காரணம், ஊருக்கு ஊர் தனி போலீஸ். ஓர் ஊரில் மாட்டியவர் ராஜினாமா கடிதத்தை நீட்டிவிட்டு அடுத்த ஊரில் சேர்ந்துவிடுவார். 2014-ல் கிளீவ்லாந்தில் டமீர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவனைச் சுட்டவர், பக்கத்துச் சிற்றூர் போலீசில் மேலதிகாரிகள் 'லாயக்கில்லை' என்று எழுதிவைத்த பிறகு விலகி வந்தவர். கிளீவ்லாந்து அந்தக் கோப்பைப் பார்க்கவே இல்லை. 2017-ல் அவர் வேலை போனதும் சுட்டதற்காக அல்ல, விண்ணப்பத்தில் உண்மையை மறைத்ததற்காக! கலிபோர்னியா மாநிலம் இந்த ரத்துச் சட்டத்தைக் கொண்டுவந்ததே 2021-ல்தான்.

நமக்கு மாநிலம் முழுக்க ஒரே துறை. அதனால் சான்றிதழ் செய்ய வேண்டிய வேலையை தண்டனை உத்தரவில் உள்ள ஒரு சொல் செய்கிறது. 'ரிமூவல்' என்றால் இந்த வேலை போச்சு, வேறு அரசு வேலைக்குத் தடையில்லை. 'டிஸ்மிஸல்' என்றால் பொதுவாக அரசு வேலைக்கான கதவே மூடிவிடும். பத்திரிகைகள் இரண்டையும் 'பணிநீக்கம்' என்றே போட்டுவிடுகின்றன. ஆனால் ஒழுங்கீனத்துக்காக இவற்றில் எது நடந்திருந்தாலும், 2005-ம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி அவரை அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியாகக்கூட வைக்க முடியாது.

'காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றம்' என்று செய்தி வருகிறதே, அது தண்டனையா?
- வாசகர், வில்லிவாக்கம்

இல்லை. ஆயுதப்படைக்கு மாற்றுவதும் தண்டனை இல்லை. சஸ்பெண்டும் இல்லை, பிழைப்பூதியம் வாங்கிக்கொண்டு விசாரணைக்குக் காத்திருப்பதுதான் அது. இன்ஸ்பெக்டர் வரையிலான காவலர்களுக்குத் தண்டனை, 1955-ம் ஆண்டு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகளின் கீழ் வரவேண்டும். கண்டனம் போன்ற சிறு தண்டனைக்கு விதி 3(ஏ). பதவியிறக்கம், ரிமூவல், டிஸ்மிஸல் என்றால் 3(பி). செய்தியில் '3(ஏ)' அல்லது '3(பி) குறிப்பாணை' (குற்றச்சாட்டு மெமோ) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வெறும் இடமாற்றம்.

என் தம்பியை ஸ்டேஷனில் லத்தியால் அடித்து அனுப்பினார்கள். கை வீங்கியிருக்கிறது. மனு கொடுத்தால் ஏதாவது நடக்குமா?
- வாசகர், கொருக்குப்பேட்டை

மனு அப்புறம். இன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், யார், எங்கே, எத்தனை மணிக்கு, எதைக் கொண்டு அடித்தார்கள் என்று ஒரு வரி எழுதுவார். உங்கள் தம்பி பயந்துபோய் 'கீழே விழுந்துட்டேன்' என்று சொன்னால் அதுவே பதிவாகும். கடைசிவரை அந்த வரிதான் எதிரே நிற்கும். (நம்மூர் ஸ்டேஷன் பாத்ரூம்கள் எவ்வளவு வழுக்கும் என்பது ஊரறிந்த விஷயம்.) 'போலீஸ்காரர்கள் இரண்டு பேர், லத்தியால்' என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். பெயர் தெரியாவிட்டால் தோளைச் சொல்லலாம்: இரண்டு நட்சத்திரம் எஸ்.ஐ., மூன்று இன்ஸ்பெக்டர்.

அடுத்தது சிசிடிவி. ஸ்டேஷன் கேமரா பதிவை 18 மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 'கேமரா ரிப்பேர்' என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். அதனால் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் பாதுகாக்கச் சொல்லி உடனே எழுதுங்கள். வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டால் போதும். நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

அதே நகலை மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்புங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போயாக வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021-ல் சொல்லிவிட்டது. இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டுச் சம்பந்தப்பட்டவரிடம் பிடித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் வழக்குகள் விழுவது ஒரே இடத்தில்: துறை விசாரணையில் சாட்சி சொல்லும் நாள். அங்கே கிரிமினல் கோர்ட் அளவுக்குச் சந்தேகமற நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆனால் குற்றம்சாட்டப்பட்டவருக்குக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உண்டு. தம்பி ஆஜராகாமல், பழைய வாக்குமூலத்தை மட்டும் வைத்து அடித்த போலீஸ்காரரை டிஸ்மிஸ் செய்தால், அந்த உத்தரவை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய வாய்ப்பு அதிகம், அந்தப் போலீஸ்காரர் சம்பள பாக்கியோடு திரும்பி வந்துவிடுவார். அதற்கு முன்னால் யாராவது வீட்டுக்கு வந்து 'விட்டுடுங்கண்ணே, குடும்பஸ்தன்' என்பார்கள். வெள்ளைத்தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சம்மன் தேதியில் போக முடியாவிட்டால் போனில் சொல்லாமல் எழுத்தில் வேறு தேதி கேளுங்கள்.