'ஆன் இன்ஃபர்மேஷன்' தப்பு, 'எ குட் நாலெட்ஜ்' மட்டும் சரியா?

கேள்வி: அலுவலக மெயிலில் 'ஐ நீட் ஆன் இன்ஃபர்மேஷன்' என்று எழுதினேன். தப்பு என்றார்கள். வேலை விளம்பரங்களில் 'எ குட் நாலெட்ஜ் ஆஃப் இங்கிலீஷ்' என்று வருகிறதே, நாலெட்ஜும் எண்ண முடியாத சொல்தானே?

பதில்: உங்கள் வாக்கியம் தப்புதான். தமிழில் ஒரு தகவல், ரெண்டு தகவல் என்று எண்ணுகிறோம். அந்த 'ஒரு'தான் 'ஆன்' ஆகிவிடுகிறது. இங்கிலீஷுக்கு இன்ஃபர்மேஷன் தண்ணீர் மாதிரி. கொஞ்சம், நிறைய உண்டு. ஒன்று, ரெண்டு கிடையாது. அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், நியூஸ் எல்லாம் இதே கூட்டம். கடைசியில் 'ஸ்' போட்டுப் பன்மையாக்கவும் முடியாது. 'ஐ நீட் சம் இன்ஃபர்மேஷன்' என்று எழுதுங்கள். ஒன்றே ஒன்று என்று சொல்லியாக வேண்டுமென்றால், 'எ பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்'.

நாலெட்ஜ் விதிவிலக்கு. எப்படிப்பட்ட அறிவு, எதைப் பற்றிய அறிவு என்று கூடவே சொன்னால் 'எ' ஏற்கும். 'எ குட் எஜுகேஷன்' அப்படித்தான். ஆனால் இதைப் பார்த்து 'எ குட் அட்வைஸ்', 'எ நைஸ் வெதர்' என்று கிளம்பிவிடக் கூடாது. அடைமொழி சேர்ந்தாலும் இவை 'எ' ஏற்காது. இந்தச் சலுகை சில சொற்களுக்கு மட்டும்தான்.

'தி' போடத் தடையில்லை, எது என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் போதும்: 'தேங்க்ஸ் ஃபார் தி இன்ஃபர்மேஷன் யூ சென்ட்'. பொதுவாகப் பேசும்போது எதுவும் வேண்டாம். 'லைஃப் இஸ் ஹார்ட்' சரி. 'தி லைஃப் இஸ் ஹார்ட்' தப்பு.

ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்பதும் உண்டு. சாம்பாரில் ஒற்றை முடி கிடந்தால் 'எ ஹேர்'. தலைமுடி முழுவதும் வெறும் 'ஹேர்'. ரெஸ்யூமில் 'ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்றே எழுதுங்கள். 'எக்ஸ்பீரியன்ஸஸ்' என்றால் உங்களுக்கு நேர்ந்த சம்பவங்கள் என்று பொருள் மாறிவிடும். ஓட்டலில் 'டூ காஃபீஸ்' சரிதான், அங்கே எண்ணுவது கப்பை.

சந்தேகம் வந்தால், மொழி கற்பவர்களுக்கான அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் 'சி' (எண்ணலாம்) இருக்கிறதா, 'யூ' (எண்ண முடியாது) இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பொருளோடு நிறுத்தாமல், உங்களுக்கு வேண்டிய பொருளுக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். 'எ பேப்பர்' என்று கேட்டால் செய்தித்தாள் வரலாம். எழுதத் தாள் வேண்டுமென்றால் 'எ ஷீட் ஆஃப் பேப்பர்'.