இரவில் நனையும் படுக்கை: பெற்றோர் கேட்டவையும் பதில்களும்

என் மகனுக்கு நாலரை வயது, பாலர் பள்ளியில் கே1 படிக்கிறான். பகலில் டயப்பரை விட்டு ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. இரவில் மட்டும் முடியவில்லை. நாங்கள்தான் சரியாகப் பழக்கவில்லையோ? (செங்காங்)

இல்லை. பகலில் அடக்குவது பழக்கத்தால் வருவது. இரவில் அடக்குவது உடல் வளர்ந்து வருவது. யாரும் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது. தூங்கும்போது சிறுநீர் குறைவாக ஊற வேண்டும்; அதற்கு வாசோபிரசின் என்ற ஹார்மோன் இரவில் கூடுதலாகச் சுரக்க வேண்டும். ஊறியதைச் சிறுநீர்ப்பை விடியும்வரை தாங்க வேண்டும். தாங்காவிட்டால், பை நிறைந்த செய்தி மூளைக்கு எட்டிப் பிள்ளை விழிக்க வேண்டும். இந்த மூன்றும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வயதில் கூடிவருவதில்லை.

5 வயது நிறையுமுன் மருத்துவர்கள் இதைக் கோளாறாகவே கணக்கில் எடுப்பதில்லை. 5 வயதிலும் ஏறக்குறைய ஆறு பிள்ளைகளில் ஒருவர் நனைக்கிறார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் கேட்டுப் பாருங்கள்: பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இது இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 40 விழுக்காட்டுக்கு மேல், இருவருக்கும் இருந்திருந்தால் 70க்கு மேல்.

வாரத்தில் மூன்று நான்கு நாள் காலையில் டயப்பர் காய்ந்திருந்தால், ஜூன் விடுமுறையில் இரண்டு வாரம் இல்லாமல் படுக்க வைத்துப் பாருங்கள். தினமும் நனைந்தால் மறுபடி போட்டுவிட்டு, சில மாதம் கழித்துப் பார்க்கலாம். போடும்போது முகம் சுளிக்காதீர்கள். அதைத்தான் அவன் நினைவில் வைப்பான்.

மகள் தொடக்கநிலை 1. மாலை 6 மணிக்குமேல் சொட்டுத் தண்ணீர் கொடுப்பதில்லை. அப்படியும் வாரத்தில் ஐந்து நாள் பாய் நனைகிறது. (தெம்பனிஸ்)

இரவுத் தண்ணீரை விட்டுவிட்டு பகல் தண்ணீரைப் பாருங்கள். காலையில் பையில் வைத்த போத்தல் மாலையில் எவ்வளவு மீதியோடு திரும்புகிறது? தொடக்கநிலை 1 பிள்ளைகள் பலர் பள்ளிக் கழிவறையின் வாடைக்கும் கூட்டத்துக்கும் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. மாணவர் பராமரிப்பு நிலையம் முடிந்து வீடு வந்ததும் தாகம் பிடுங்கும். நாள் முழுக்கக் குடிக்க வேண்டியதில் பாதியை இரவுச் சாப்பாட்டோடு குடித்துவிட்டுப் படுப்பார்கள். நீங்கள் அதையும் நிறுத்தினால் சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், மலமும் இறுகும். இரண்டுமே நனைவதைக் கூட்டும்.

4 முதல் 8 வயதுவரை ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,400 மி.லி. திரவம் வேண்டும். நம் வெயிலில் விளையாடினால் இன்னும் கொஞ்சம். அதில் ஐந்தில் நான்கு பங்கு மாலை 5 மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும். எழுந்ததும் 200, பள்ளி விடுவதற்குள் 400, மதிய உணவோடு 200, மாலை 5க்குள் 300, இரவு உணவோடு 200 என்று பிரித்துக்கொள்ளலாம். ரசமும் சூப்பும் தர்பூசணியும் அந்தக் கடைசி 200இல் சேரும். தேநீர், கோலா வேண்டாம். மைலோ குடித்தே ஆகவேண்டுமென்றால் காலையில் கொடுங்கள்.

ஒரு நாளில் ஐந்து ஆறு முறை சிறுநீர் கழிக்க வேண்டும்: எழுந்ததும், பள்ளி இடைவேளையில், பள்ளி விட்டதும், மாலையில், படுக்குமுன். இடைவேளையில் கட்டாயம் போகட்டும். ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். படுக்குமுன் இரண்டு தடவை: பல் துலக்குமுன் ஒன்று, விளக்கை அணைக்குமுன் இன்னொன்று. முதல் தடவையில் பை முழுதும் காலியாவதில்லை.

வார இறுதியில் அளவுக் குவளை ஒன்றை எடுத்து, எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, மற்ற வேளைகளில் ஒரே தடவையில் எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுதுங்கள். வயதோடு ஒன்று கூட்டி 30ஆல் பெருக்கினால் கிடைப்பது எதிர்பார்க்கும் கொள்ளளவு. 6 வயதுக்கு 210 மி.லி. அதிகபட்ச அளவே 140ஐத் தாண்டவில்லை என்றால் பை சிறிதாக இருக்கலாம். அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். அவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

மகன் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மலம் போகிறான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (ஜூரோங் வெஸ்ட்)

நிறைய உண்டு. பெற்றோர் அதிகம் தவறவிடும் காரணமும் இதுவே. மலக்குடல் சிறுநீர்ப்பைக்குப் பின்னால் ஒட்டியே இருக்கிறது. அது நிரம்பிக் கிடந்தால் பையை அழுத்தும். பை விரிய இடம் இருக்காது. தினமும் போகிற பிள்ளைக்கும் மலச்சிக்கல் இருக்கலாம். ஆட்டுப் புழுக்கைபோல் உருண்டையாக வருவது, கழிவறையை அடைக்கும் அளவுக்குத் தடியாக வருவது, உள்ளாடையில் கறை படிவது ஆகியவை அடையாளங்கள்.

காலை உணவும் இரவு உணவும் முடிந்து அரை மணிக்குள் 5 முதல் 10 நிமிடம் உட்கார வையுங்கள். பெரியவர்களுக்கான இருக்கையில் பிள்ளையின் கால் தொங்கும்; தொங்கினால் முக்க முடியாது. முழங்கால் இடுப்புக்குமேல் வரும்படி காலடியில் முக்காலி வையுங்கள். பப்பாளி, கீரை, தண்ணீர் எல்லாம் உதவும். ஆனால் பல மாதமாகத் தேங்கியதை உணவு மட்டும் வெளியேற்றாது. மலமிளக்கியைப் பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள். நான்கு நாளில் சரியானதும் நிறுத்திவிடுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. விரிந்துபோன குடல் சுருங்க மாதங்கள் ஆகும்.

இரவு 12 மணிக்கு அப்பா தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைக்கிறார். பலன் உண்டா? (ஈசூன்)

அன்றைய விரிப்பு தப்பும், அவ்வளவுதான். தூக்கக் கலக்கத்தில் போவதால் விழிக்கக் கற்றுக்கொள்வதில்லை. செய்வதென்றால் முழுதாக எழுப்பி, நடக்க வைத்து, நேரத்தை மாற்றிமாற்றிச் செய்யுங்கள்.

மகளுக்கு 8 வயது. ஈரமானால் ஒலிக்கும் கருவி வாங்கலாமா? நவம்பரில் பள்ளி முகாமும் இருக்கிறது. (பொங்கோல்)

வாங்கலாம். ஆனால் மலச்சிக்கலையும் குறட்டையையும் முதலில் பாருங்கள். தினமும் சத்தமாகக் குறட்டை விட்டு, மூச்சு இடையிடையே நிற்பதுபோல் இருந்தால், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு என்ற சதையின் வீக்கத்தைச் சரிசெய்ததும் பலருக்கு நனைவது குறைகிறது.

கருவியை முறையாகப் பயன்படுத்தும் பிள்ளைகளில் மூவரில் இருவருக்குப் பலன் கிடைக்கிறது. தோற்பது பெரும்பாலும் முதல் மூன்று வாரத்தில்தான். மணி அடிக்கும், வீடே எழும், அவள் மட்டும் எழமாட்டாள். பெற்றோர் மணியை அணைத்துவிட்டுத் தூங்கவிட்டால் எதுவும் நடக்காது. நீங்கள் ஓடிப்போய் எழுப்ப வேண்டும். மணியை அவளே அணைக்க வேண்டும், கழிவறைக்கு நடக்க வேண்டும், மீதியைக் கழிக்க வேண்டும், உடை மாற்றிக் கருவியைத் திரும்ப மாட்ட வேண்டும். பாட்டியோ பணிப்பெண்ணோ கூடப் படுத்தால் அவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். வியர்வையில் தவறாக ஒலித்தால் இரண்டு பருத்தி உள்ளாடை போட்டு, உணரியை இரண்டுக்கும் நடுவில் வையுங்கள்.

நான்கு வாரத்தில் ஈரத்தின் வட்டம் சிறுத்தால், மணி பின்னிரவுக்குத் தள்ளிப்போனால், முன்னேற்றம்தான். தொடர்ந்து 14 இரவு காயும்வரை விடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் ஆகலாம். நிறுத்திய பிறகு திரும்ப வந்தால் மறுபடி மாட்டுங்கள்.

முகாமுக்கு அது உதவாது. அதற்கு டெஸ்மோபிரசின் மாத்திரையை மருத்துவர் தருவார். சிறுநீர் ஊறுவதைச் சில மணி நேரம் குறைக்கும். நிறுத்தினால் பழையபடி நனையும். முகாமுக்குச் சில வாரம் முன்பே வீட்டில் சோதித்து அளவை உறுதிசெய்ய வேண்டும். போடுவதற்கு 1 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்வரை ஒரு மிடறுக்குமேல் குடிக்கக் கூடாது. மீறினால் இரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, வாந்தி, வலிப்புவரை போகும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாளில் மாத்திரை வேண்டாம்.

இரண்டு ஆண்டு காய்ந்தே இருந்த மகன் பத்து நாளாக நனைக்கிறான். தண்ணீரும் குடம் குடமாகக் குடிக்கிறான். (தோ பாயோ)

இன்றே மருத்துவரிடம் போங்கள். முதல் வகை நீரிழிவு இப்படித்தான் தலைகாட்டும். விரல் நுனி இரத்தத்தில் நிமிடத்தில் தெரிந்துவிடும். எடை குறைந்து, வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மந்தம் என்று ஏதேனும் இருந்தால் நேராக கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை சரியாக இருந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதுத் தம்பி தங்கை, பள்ளி மாற்றம் என்று மற்றவற்றைப் பார்க்கலாம்.

எள்ளுருண்டை கொடுத்தால் நிற்கும் என்கிறார் மாமியார். காலையில் எல்லார் முன்னும் திட்டவும் செய்கிறார்.

எள்ளுருண்டை நல்ல தின்பண்டம், கொடுக்கட்டும். இதற்கு மருந்து அல்ல. திட்டுவதைத்தான் நிறுத்த வேண்டும். தூக்கத்தில் நனைப்பது பிள்ளையின் கையில் இல்லை என்று மருத்துவர் வாயால் கேட்டால் பெரியவர்கள் சட்டென்று ஏற்பார்கள்; அடுத்த தடவை மாமியாரையும் உடன் அழைத்துப் போங்கள்.

மெத்தை நாற்றம் போகவே இல்லை.

பழைய துண்டால் அழுத்தி ஒற்றியெடுங்கள். தேய்த்தால் உள்ளே இறங்கும். வெந்நீர் வேண்டாம், அது வாடையைப் பிடித்து வைக்கும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்து ஒற்றி, சமையல் சோடாவைத் தூவி, சில மணி நேரம் கழித்துத் தூசி உறிஞ்சியால் எடுங்கள். நம் ஈரக்காற்றில் தானாகக் காயாது. மெத்தையை நிமிர்த்தி வைத்து மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். பிளீச் மட்டும் கூடாது, சிறுநீரோடு சேர்ந்து நச்சுவாயு கிளம்பும். இனிமேல் நீர்புகா உறை, விரிப்பு, மறுபடி நீர்புகா உறை, விரிப்பு என்று இரண்டு அடுக்கு போடுங்கள். நடு இரவில் மேல் அடுக்கை உருவிவிட்டால் போதும், இருவரும் இரண்டு நிமிடத்தில் திரும்பப் படுத்துவிடலாம்.