காட்டுக்குள் செங்கல் கோயில்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். திஞ்ஞான் (மியான்மர் புத்தாண்டு) விடுமுறையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கம்போடியா போகலாம் என்றிருக்கிறோம். அங்கோர்வாட் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். சம்போர் பிரை குக் என்ற இடத்தில் காட்டுக்குள் பழைய செங்கல் கோயில்கள் இருக்கிறதாமே, அதற்கு ஒரு நாள் ஒதுக்கலாமா? அம்மாவுக்கு வயது 60 தாண்டிவிட்டது, நடக்க முடியுமா?
— வாசகி, ரங்கூன்

பதில்: தாராளமாக ஒதுக்குங்கள், அதையும் அங்கோர்வாட்டுக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். அங்கோர்வாட் 12ஆம் நூற்றாண்டில் மணற்கல்லால் கட்டிய பிரம்மாண்டம், அதைப் பார்த்த கண்ணுக்கு மறுநாள் இந்தச் சின்னச் சின்னச் செங்கல் கோபுரங்கள் எடுபடாமல் போய்விடும், அது பெரிய நஷ்டம். இவை அதைவிட 500 வருஷம் மூத்தவை. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈசானவர்மன் ஆண்ட ஈசானபுரம் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தலைநகர் நோம் பென்னிலிருந்து அங்கோர்வாட் இருக்கிற சியெம் ரீப் போகிற சாலையில் ஏறக்குறைய பாதி வழியில் கம்போங் தோம் என்ற ஊர் வரும், அங்கே ராத்தங்கிவிட்டுக் காலையிலேயே கிளம்பினால் வடக்கே 30 கிலோமீட்டர்தான்.

ஆனால் திஞ்ஞானில் போகாதீர்கள். நமக்குத் திஞ்ஞான் வருகிற அதே நாட்களில்தான் அவர்களுக்கும் புத்தாண்டு, ஊரே பயணத்தில் இருக்கும், வெயிலும் மண்டையைப் பிளக்கும். டிசம்பர், ஜனவரி என்றால் அம்மாவுக்கும் சிரமமில்லை. தரை சமதரை, மரநிழல் உண்டு, கோபுர வாசலில் படி ஏறும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, எதைப் பார்ப்பது? வடக்கே சம்போர், நடுவில் சிங்கங்கள் காவல் இருக்கிற தாவ், தெற்கே யேய் பொவுன் என்று மூன்று கோயில் கூட்டம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம், தெற்குக் கூட்டத்தில் நிதானமாக நில்லுங்கள். அங்கே எட்டுப் பட்டையாகக் கட்டிய கோபுரங்கள் உண்டு (மொத்த வளாகத்தில் இப்படி 10 இருக்கின்றன, தென்கிழக்கு ஆசியாவில் வேறெங்கும் இல்லாத அமைப்பு). ஒவ்வொரு சுவரிலும் ஒரு குட்டி மாளிகை செதுக்கியிருக்கும், மாடமும் தூணும் அதற்குள் ஆட்களுமாக, அடியில் சிறகுள்ள உருவங்கள் அதைத் தாங்கிக்கொண்டு பறக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள், அந்த மாளிகை தனிக் கல்லில் செதுக்கி ஒட்டியது இல்லை, சுவரை எழுப்பிவிட்டுச் செங்கல்லிலேயே செதுக்கி, மேலே சுதை பூசியிருக்கிறார்கள். சுதை பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது, அதனால்தான் இன்றைக்கு நமக்கு உளி வேலை தெரிகிறது. கெடாத இடங்களில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே சாந்து இருப்பதே தெரியாது, அவ்வளவு நெருக்கம்.

அப்புறம் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். நம் மியான்மரின் பழைய தலைநகர் பாகனின் கோயில்களில் கொத்தனார்கள் செங்கல்லை வளைவாக நிறுத்தி உண்மையான ஆர்ச் கட்டினார்கள். கம்போடியாவின் கெமர் கொத்தனார்கள் அப்படிச் செய்யவில்லை, ஒவ்வொரு வரிசையையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தள்ளி வைத்து உச்சியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பாகனைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும், வேறு ஊர்க்காரர்களுக்கு வழிகாட்டி சொன்னால்தான் உண்டு.

காட்டில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரிந்தால் குளம் என்று நினைக்காதீர்கள், சில 1970களில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளின் பள்ளங்கள். இத்தனை அழிவுக்குப் பிறகும் இவ்வளவு மிஞ்சியிருப்பதைப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்கிறது. கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்த இடம்தான், என்றாலும் போட்டிருக்கும் பாதையை விட்டு விலக வேண்டாம். டாலர் நோட்டு விஷயம் நமக்குப் பழக்கமானதுதானே, கிழிசல் இருந்தால் அங்கேயும் வாங்கமாட்டார்கள். அங்கோர் நுழைவுச்சீட்டு இங்கே செல்லாது, தனியாக எடுக்க வேண்டும்.

கேள்வி: கம்போடியாவில் உள்ள இந்தக் கோயில்களைக் கட்டியது சோழர்கள் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
— வாசகர், மோல்மேன்

பதில்: இல்லை. கட்டியவர்கள் கெமர் மக்கள், அவர்களுடைய அரசன், அவர்களுடைய கொத்தனார்கள். ஈசானவர்மன் காலத்தில் காஞ்சியில் மகேந்திரவர்ம பல்லவன் இருந்தான். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்தது 1010இல், கிட்டத்தட்ட 400 வருஷம் கழித்து. தொடர்பு இல்லாமல் இல்லை: கெமர் எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்தின் வழியில் வந்தது, உங்கள் ஊர் மோன் மக்களின் எழுத்தும் அப்படித்தான், அதிலிருந்துதான் பர்மிய எழுத்து. சிவனும் துர்க்கையும் அங்கே போனார்கள், ஆனால் அங்கே போய் அந்த ஊர் முகத்தோடு நின்றார்கள். சம்போரில் கிடைத்த மகிஷாசுரமர்த்தினி நோம் பென் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறாள், தலையும் கைகளும் போய்விட்டன, இடுப்பு உடையும் உடல் வளைவும் எந்தத் தமிழ்நாட்டுச் சிலையைப் போலவும் இருக்காது. ஒரு ஜனத்தின் உழைப்பை எடுத்து நம் பேரில் எழுதிக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. நம் ஆட்கள் நிஜமாகவே செய்தது வேண்டுமென்றால் பாகனில் இருக்கிறது: 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்த செய்தி. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: அந்தக் கோயில்களில் லிங்கம் இருந்தால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடலாமா?
— வாசகி, பெகு

பதில்: கும்பிடலாம், கற்பூரம் வேண்டாம். 1400 வருஷச் செங்கல்லில் புகைக்கரி ஏறினால் தேய்த்துக் கழுவ முடியாது. பால், எண்ணெய் அபிஷேகமும் கூடாது. ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அவ்வளவு தூரம் போக வசதி இல்லை. இங்கேயே அந்தக் காலத்துச் செங்கல் கோயில் ஏதாவது உண்டா?
— வாசகர், புரோம்

பதில்: அண்ணே, உங்கள் வாசலிலேயே இருக்கிறது! ஹ்மாஜா கிராமத்துப் பக்கம் போங்கள், பாகனுக்கு முன்னால் இங்கே வாழ்ந்த பியூ மக்களின் ஸ்ரீக்ஷேத்திரம் அங்கேதான், ஈசானபுரம் செழித்த காலத்தில் இதுவும் ஜீவனோடு இருந்த நகரம். ஹாலின், பெய்க்தானோ என்ற வேறு இரண்டு பியூ நகரங்களோடு சேர்த்து 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, மியான்மரிலிருந்து முதலில் ஏறியதே இதுதான். எல்லோரும் பாவ்பாவ்ஜி ஸ்தூபியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், நீங்கள் பேபே, லெமியெத்னா இரண்டு கோயில்களையும் விடாதீர்கள், சின்னவைதான், ஆனால் நான் மேலே சொன்ன அந்த ஆர்ச் அங்கே உள்ளே இருக்கிறது, பாகனுக்கும் முந்தியது என்று சொல்கிறார்கள். செங்கல்லும் கெமர் செங்கல்லைப் போல இழைத்து வைத்தது இல்லை, பெரிசு பெரிசாக இருக்கும், சிலவற்றில் ஈரக் களிமண்ணில் விரலால் இழுத்த கோடு அப்படியே நிற்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு காலையில் போனால் மத்தியானத்துக்குள் பார்த்துவிடலாம்.