கூடத்துச் சுவரில் தொங்கும் படங்களுக்கு எவ்வளவு கட்டணம் கட்டலாம்?

தம்பி, கோவையிலிருந்து லண்டனின் கிங்ஸ்டனுக்கு வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் தனியார் பள்ளிகளின் படியேறத் தொடங்கிவிட்டீர்கள். மகன் இயர் ஃபைவில், அதாவது ஒன்பது, பத்து வயது வகுப்பில், இருக்கிறான். பார்த்து வைத்திருக்கும் இரண்டு பள்ளிகளில் ஒன்று பழம்பெரும் பள்ளி. அமைச்சர், நடிகர், ஒலிம்பிக் வீரர் என்று கூடம் முழுக்கப் பழைய மாணவர்களின் படங்கள். மற்றதில் அப்படிச் சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை, ஆனால் ஆண்டுக்கு நாலாயிரம் பவுண்டு குறைவு. "அந்தப் பெயர்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா அக்கா?" என்று கேட்கிறீர்கள்.

அந்தப் பெயர்களுக்காக மட்டும் என்றால், கொடுக்க வேண்டாம். வேறு காரணம் இருந்தால் கொடுங்கள்.

முதலில் அந்தப் படங்களில் இருப்பவர்கள் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்று பாருங்கள். கட்டடம் அதுவாக இருக்கலாம், பள்ளி அதுவல்ல. உங்கள் வீட்டிலிருந்து ஹாம்ப்டன் பள்ளி தொலைவில்லை. குயின் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே அங்கே படித்தவர்; பின்னாளில் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். ஆனால் அவர் படித்த காலத்தில் அது தேர்வெழுதிச் சேரும் அரசு கிராமர் பள்ளி, கட்டணம் கிடையாது. 1975-ல்தான் தனியார் பள்ளியானது. 2024-ல் பிரதமரான கியர் ஸ்டார்மர் படித்த ரைகேட் கிராமர் பள்ளியும் அப்படித்தான். அவர் சேர்ந்தபோது அரசுப் பள்ளி. படித்துக்கொண்டிருக்கும்போதே, 1976-ல், கட்டணப் பள்ளியாக மாறியது.

இந்த நாட்டில் 1944 முதல் எழுபதுகளின் நடுப்பகுதி வரை, டைரக்ட் கிராண்ட் என்ற ஏற்பாட்டில், அரசு மானியம் பெற்ற பள்ளிகள் குறைந்தது கால் பங்கு இடங்களை இலவசமாகத் தர வேண்டியிருந்தது. பிறகு 1980-ல் வந்த அசிஸ்டெட் பிளேஸஸ் திட்டத்தில், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளின் கட்டணத்தை அரசு ஏற்றது. 1997-ல் வந்த தொழிற்கட்சி ஆட்சி அதை நிறுத்தியது. ஆகவே இன்று ஐம்பது, அறுபது, எழுபது வயதில் புகழோடு இருக்கும் பலர், உங்களிடம் இன்று கேட்கும் கட்டணத்தில் ஒரு காசுகூடக் கட்டாமல் படித்தவர்கள். அவர்களைக் காட்டித்தான் உங்களிடம் பணம் கேட்கிறார்கள்.

அடுத்து, புகழ் பெற்றவருக்கும் பள்ளிக்கும் என்ன உறவு இருந்தது என்பது. ஷ்ரூஸ்பரி ஊரில் பழைய பள்ளிக் கட்டடம் இன்று நூலகம்; அதன் வாசலில் சார்ல்ஸ் டார்வின் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். ஊருக்குப் பெருமைதான். ஆனால் தன் மனவளர்ச்சிக்கு அந்தப் பள்ளியைவிடக் கெடுதலானது வேறு இருந்திருக்க முடியாது என்ற பொருள்பட அவரே எழுதி வைத்திருக்கிறார். கிரேக்கமும் லத்தீனும் தவிர வேறெதற்கும் அங்கே மதிப்பில்லை. வீட்டுக் கொட்டகையில் அண்ணனோடு வேதியியல் சோதனை செய்ததற்காகத் தலைமையாசிரியர் எல்லோர் முன்னிலும் கண்டித்தார்.

டல்விச் கல்லூரிப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்: அண்டார்டிகாவில் கப்பல் உடைந்தும் தன்னோடு வந்தவர்களைக் காப்பாற்றிய ஷாக்கில்டனும் அங்கே படித்தவர், குடியேற்ற எதிர்ப்பு அரசியல் செய்யும் நைஜல் ஃபராஜும் அங்கே படித்தவர். அந்தப் பள்ளி எப்படிப்பட்ட மனிதரை உருவாக்கும் என்று இந்த இரண்டு பெயரை வைத்து யாராவது சொல்லிவிட முடியுமா?

நம் பக்கத்துப் பெயர் ஒன்றும் உண்டு. புதுச்சேரியில் நாம் அறிந்த ஸ்ரீ அரவிந்தர் லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளி மாணவர். 1884-ல் சேர்ந்தார், அங்கிருந்து உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜ் போனார். அந்தப் பள்ளி அவருக்குச் செவ்வியல் மொழிகளை ஆழமாகக் கொடுத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அன்றைய பாடத்திட்டமும் ஆசிரியர்களும் போய் நூறாண்டுக்கு மேல் ஆகிறது. பள்ளியே 1968-ல் தேம்ஸைத் தாண்டி பார்ன்ஸுக்கு இடம் மாறிவிட்டது.

"அப்படியானால் தொடர்புகள்?" என்று கேட்பீர்கள். அது வெற்றுப் பேச்சல்ல. பிரிட்டனில் தனியார் பள்ளியில் படித்தவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம். ஆனால் கல்வி வாய்ப்புகளை ஆராயும் சட்டன் டிரஸ்ட் அமைப்பின் 2019 அறிக்கையின்படி மூத்த நீதிபதிகளில் 65 சதவீதம் பேர் அங்கிருந்து வந்தவர்கள். ஏணி இருக்கிறது. ஆனால் அதில் பணம், வீட்டுப் பின்னணி, நல்ல பயிற்சி எல்லாம் கலந்திருக்கின்றன. ஒலிம்பிக் வீரரின் படம் உங்கள் மகனுக்கு வேலை வாங்கித் தராது. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் அதே பள்ளியை விட்டுப்போய், இன்று மருத்துவமனையிலோ பொறியியல் நிறுவனத்திலோ இருக்கும் இருபத்து மூன்று வயதுப் பிள்ளை ஒரு நாள் வந்து மாணவர்களோடு பேசினால், அது உதவும். பள்ளி அப்படி யாரையாவது அழைக்கிறதா என்று கேளுங்கள். பழைய மாணவர்களைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் இன்றைய பள்ளியைப் பற்றிய கேள்விகள். கடந்த மூன்று, நான்கு ஆண்டுகளில் கடைசி வகுப்பை முடித்த எல்லோரும் எங்கே போனார்கள்? ஆக்ஸ்ஃபர்டு போனவர்களை மட்டும் சொன்னால் போதாது, நடுத்தர மதிப்பெண் வாங்கிய பிள்ளை எங்கே போனான் என்று கேளுங்கள். பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வு முடிந்ததும், மதிப்பெண் போதவில்லை என்று எத்தனை பேரை வெளியே அனுப்பினார்கள்? பதினெட்டு வயதில் எழுதும் ஏ லெவல் தேர்ச்சியைப் பளபளப்பாக வைத்துக்கொள்ள அது எளிய வழி. இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் கொஞ்சம் மழுப்பலாக வரும், கவனியுங்கள். கணித ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா? தனியார் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஐஎஸ்ஐ அமைப்பின் அறிக்கை இணையத்தில் இருக்கும், குறிப்பாக மாணவர் பாதுகாப்புப் பகுதியைப் படியுங்கள். பள்ளி அறக்கட்டளையாகப் பதிவானது என்றால் அதன் கணக்கும், அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷன் தளத்தில் கிடைக்கும். கடனில் தத்தளிக்கும் பள்ளியா என்று தெரிந்துவிடும்.

பெற்றோருக்குப் பள்ளியைச் சுற்றிக்காட்டும் ஓப்பன் டேக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று சுவருக்குக்கூட மேக்கப் போட்டிருப்பார்கள். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை வரலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜனவரி 1 முதல் கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் வரி வந்துவிட்டது. அந்த நாலாயிரம் வித்தியாசம் வாட்டோடு சொன்னதா, இல்லாமல் சொன்னதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பஸ், மதிய உணவு, சீருடை, சுற்றுலா எல்லாம் தனி. இயர் செவன் முதல் கடைசி வகுப்பு வரை ஏழு ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள். ஆண்டுதோறும் கட்டணம் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்காலர்ஷிப் என்ற பெயரில் கிடைப்பது பல பள்ளிகளில் சிறு தள்ளுபடிதான். பெரிய உதவி வருமானத்தைப் பார்த்துத் தரும் பர்சரியில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வெளியேறும் விதியைப் படியுங்கள்: முழுப் பருவ முன்னறிவிப்பு கொடுக்காமல் பிள்ளையை நிறுத்தினால், ஒரு பருவக் கட்டணத்தை அப்படியே கேட்பார்கள். வேலை விசாவில் இருக்கும் நமக்கு இது விளையாட்டல்ல.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. கிங்ஸ்டனில் இருந்துகொண்டு டிஃபின் பள்ளியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? அது அரசு கிராமர் பள்ளி, கட்டணம் இல்லை. உங்களோடு விசாவில் வந்து இங்கே வசிக்கும் மகனும் விண்ணப்பிக்கலாம். போட்டி கடுமை. தேர்வு இயர் சிக்ஸ் தொடங்கியவுடனேயே வந்துவிடும், பதிவு அதற்கு முந்தைய கோடையிலேயே முடிந்துவிடும். தேர்வெழுதினால் மட்டும் போதாது, அக்டோபர் 31-க்குள் உள்ளாட்சி கவுன்சிலுக்குக் கொடுக்கும் பள்ளிச் சேர்க்கை விண்ணப்பத்திலும் பள்ளியின் பெயரைச் சேர்க்க வேண்டும். இந்த வாரமே பள்ளியின் தளத்தில் தேதிகளைப் பார்த்துக் குறித்து வையுங்கள். தனியார் பள்ளிகளின் தேர்வு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.