லிட்டருக்கு 17 கொடுத்த கார் ஏன் 12-க்கு இறங்கியது?

கேள்வி: என்னுடையது 2015 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 80,000 கி.மீ. தாண்டிவிட்டது. வாரம் ஒருமுறை ஈரோட்டிலிருந்து கோவை போய்வருவேன். லிட்டருக்கு 17 கொடுத்துவந்த வண்டி, போன கோடையில் ஹீட் ஆகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்ததிலிருந்து 12-தான் கொடுக்கிறது. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மாற்றியாயிற்று. இன்ஜெக்டரும் கிளீன் செய்தாயிற்று. செக் இன்ஜின் லைட் எரியவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார் மெக்கானிக். உண்மையா?

பதில்: எத்தனாலுக்குப் பங்கு உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய பழியை அதன் தலையில் கட்ட முடியாது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் அந்த இழப்பு 6-7 சதவீதத்தில் வந்து நிற்கும். 10 சதவீதக் கலவைக்கு ட்யூன் செய்த பழைய கார்களுக்கு நிதி ஆயோக் 2021-ல் சொன்ன மதிப்பீடும் அதேதான். உங்கள் 17-ல் 7 சதவீதத்தைக் கழித்தாலும் 16-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 12 என்றால் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிருக்கிறது. மீதிப் பெட்ரோல் வேறெங்கோ போகிறது.

அதைத் தேடும் முன் அந்த 12 சரியான கணக்கா என்று பாருங்கள். டிஸ்ப்ளே காட்டுவதை நம்ப வேண்டாம். பங்கில் நாசில் தானாக கட் ஆகும் வரை டேங்கை நிரப்பி, 300 கி.மீ.யாவது ஓட்டி, அதே பங்கில் அதே மாதிரி மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். இடையில் கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் மாற்றியிருந்தால் ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும். மைலேஜும் காகிதத்தில் குறையும். டயரில் காற்று குறைந்தாலும் மைலேஜ் விழும்; எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடாகாதபோது பார்க்க வேண்டும்.

சரி, கணக்கு சரியாக இருந்தும் 12-தான் என்றால், எனக்கு முதல் சந்தேகம் நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த ஹீட் வேலை மீதுதான். வண்டி சூடாகிறது என்று வந்தால் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றிப் போட்டுவிடுவது நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் பழைய வழக்கம். அந்த வால்வு, இன்ஜின் வேலை செய்யும் சூட்டுக்கு வரும் வரை இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும். அது இல்லையென்றால் முதல் நிமிடத்திலிருந்தே கூலன்ட் ரேடியேட்டரைச் சுற்றி வரும். இன்ஜின் சூடேற வெகுநேரம் ஆகும். பைபாஸில் காற்று அடிக்கும்போது ஏறிய சூடும் இறங்கிவிடும். இன்ஜின் இன்னும் சில்லென்று இருக்கிறது என்று இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், நினைத்துக்கொள்ளும். பழைய கார்களில் சோக்கை இழுத்துவிட்ட மாதிரி கூடுதலாகப் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்கும். வால்வு இருந்தும் திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் இதே கதைதான். லைட் எரியவில்லையே என்று இதில் நிம்மதி கொள்ள முடியாது. எல்லா கார்களிலும் இதற்கு எரியாது.

கண்டுபிடிப்பது எளிது. காரின் கம்ப்யூட்டர் தரும் தகவலை செல்போனுக்கு அனுப்பும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்று, சாதாரண ரகம் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, செல்போன் ஆப்பில் கூலன்ட் வெப்பநிலையைத் திறந்து வையுங்கள். திரையைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். பெருந்துறை தாண்டி அவிநாசி வரை சீரான வேகத்தில் போகும்போது கூலன்ட் வெப்பநிலை 80 டிகிரிக்கு மேல், 90-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 60, 65 என்று இறங்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். டேஷ்போர்டில் நீல விளக்கு அணைந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது முழுச் சூட்டுக்கு வெகு முன்பே அணைந்துவிடும்.

வெப்பநிலை சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் பிரேக். பத்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு வீல்களுக்கும் அருகே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள்; டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. முன்பக்கம் என்றால் பெரும்பாலும் பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிபர் நகர்வதற்கான ஊசியில் (pin) கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். பின்பக்கம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிளை அளவுக்கு மேல் இழுத்து வைத்திருப்பார்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட்டைப் பார்க்க வேண்டும்.

இரண்டிலும் குறை இல்லையென்றால்தான் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து இசியூவுக்குச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சார் பக்கம் போக வேண்டும். அதே ஆப்பில் ‘லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்’ என்று ஒரு எண் இருக்கும்; இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதை அது காட்டும். கூட்டலோ கழித்தலோ 10-க்குள் இருந்தால் கவலை இல்லை. 20-ஐத் தொட்டால் காற்றுக் கசிவு, ஒழுகும் இன்ஜெக்டர், சோம்பிப்போன சென்சார் என்று ஏதோ ஒன்று இருக்கிறது. எதுவென்று தெரியாமல் சென்சாரை மாற்றிக் காசை விடாதீர்கள்.

மாற்றிய ஏர் ஃபில்டரால் பலன் இல்லாததில் எனக்கு வியப்பில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்தபோது, இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைத்த ஃபில்டரால் பிக்கப்தான் குறைந்தது. மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை. எவ்வளவு காற்று வருகிறதோ அதற்கேற்பத்தான் இசியூ பெட்ரோலை விடும். மைலேஜ் கூட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் மருந்து என்று யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம்.

தெர்மோஸ்டாட் புதிதாகப் போட்ட பிறகு வண்டி மறுபடி சூடாகக்கூடும். ‘அதனால்தான் கழற்றினேன்’ என்பார் மெக்கானிக். கேட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். போன கோடையில் சூடானதற்கு உண்மையான காரணம் இன்னும் வண்டியிலேயே இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். ரேடியேட்டரில் அடைப்பு, ஓடாத ஃபேன், தேய்ந்த வாட்டர் பம்ப், பிரஷர் பிடிக்காத மூடி இவற்றை வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் என்றால் அதை வடித்துவிட்டு, மேனுவலில் சொன்ன கூலன்ட்டை ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை (ஏர் லாக்) எடுக்கச் சொல்லுங்கள். மூடியை இன்ஜின் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்.