உலகத் தத்துவங்கள், சமயங்கள் எல்லாம் ஒரே நூலில் வேண்டும், எதை வாங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். வாங்கிச் சூடுபட்டவன் சொல்கிறேன்.

மிர்ச்சா எலியாதே தலைமையில் 1987ல் வந்த சமயக் கலைக்களஞ்சியம் மொத்தம் 16 தொகுதி. அதில் இரண்டு எனக்குப் பழைய புத்தகக் கடையில் எடைக்குப் போடுவது போல மலிவாகக் கிடைத்தன, மீதி 14 இன்றுவரை கண்ணில் படவில்லை. எந்தக் கட்டுரையைப் படித்தாலும் பாதியில் 'இதையும் பார்க்க' என்று கைகாட்டும், அது கட்டாயம் என்னிடம் இல்லாத தொகுதியில்தான் இருக்கும். மொட்டை மாடியில் கூழ்வற்றல் காயும் வேட்டி பறக்காமலிருக்க அம்மா அந்த இரண்டையும் நன்றாகவே பயன்படுத்தினார்.

நம் ஆளிடமிருந்து தொடங்கலாமே. எங்களுக்குக் கீழமாசி வீதியில் பருப்பு வியாபாரம், அதனால் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் மேல் கொஞ்சம் கூடுதல் பாசம் உண்டு (கூலம் என்றால் தானியம்). அவர் எழுதிய மணிமேகலைக் காப்பியத்தின் 27வது காதையில், வஞ்சி மாநகரில் அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று பத்துப் பேரிடம் கதாநாயகி மணிமேகலை வரிசையாகப் போய் 'உன் கொள்கை என்ன' என்று கேட்கிறாள். கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன் என்கிற பூதவாதியிடம், அனுமானம் வேண்டாமென்றால் உன் அப்பா அம்மா இவர்கள்தான் என்று எப்படித் தெரியும் என்று ஒரு போடு போடுவாள் பாருங்கள், டீக்கடையில் கூட அப்படி மடக்க முடியாது.

ஆனால் சாத்தனார் நடுநிலை ஆள் இல்லை, கடைசியில் பௌத்தம்தான் ஜெயிக்கும். அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் மற்றவர்களை எல்லாம் மறுத்துவிட்டுச் சுபக்கத்தில் சைவ சித்தாந்தம் வரும். 14ஆம் நூற்றாண்டில் மாதவர் தொகுத்த சர்வ தரிசன சங்கிரகம் 16 தரிசனங்களை (தத்துவப் பள்ளிகளை) சொல்லி அத்வைதத்தில் போய் முடியும். தொகுத்தவர் யார் என்று பார்த்துவிட்டுப் படித்தால் ஏமாற மாட்டீர்கள்.

இன்றைய ஆங்கிலத் தொகுப்புகளில் ஒவ்வொரு தலைப்பையும் ஒவ்வோர் அறிஞர் எழுதுவதால் இந்தச் சாய்வு குறைவு, ஆனால் வேறு மாதிரி ஓட்டை இருக்கும். நான் சோதிக்கிற விதம் இதுதான்: நேரே ஆசீவகம் (புத்தர் காலத்தில் இருந்து பின்னால் மறைந்துபோன சமயம்) பக்கத்தைப் பிரிப்பேன். அவர்களுடைய சொந்த நூல் ஒன்றுகூட மிஞ்சவில்லை, எதிராளிகள் எழுதி வைத்ததுதான் ஆதாரம். அதில் மணிமேகலை, நீலகேசி, சித்தியார் மூன்றுக்கும் பெரிய பங்கு உண்டு, வரலாற்றறிஞர் ஏ.எல். பாஷம் 1951லேயே இவற்றை எடுத்து ஆராய்ந்துவிட்டார். இதற்கப்புறம் வந்த தொகுப்பில் தமிழ் நூல் பேச்சே இல்லை என்றால் பாலி, சமஸ்கிருதத்தோடு நின்றுவிட்டார்கள் என்று அர்த்தம், மூடி வைத்துவிடுவேன்.

பைசா செலவில்லாமல் வேண்டுமென்றால் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் 1995லிருந்து இணையத்தில் இருக்கிறது, கட்டுரைகளை அவ்வப்போது திருத்தவும் செய்கிறார்கள். சமயத்தை விடத் தத்துவம்தான் அதில் அதிகம், ஆங்கிலமும் கொஞ்சம் கடினம். தடிமனான புத்தகத்தைக் கையில் தொட்டுப் பார்த்தால்தான் திருப்தி என்றால் மதுரை புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகம் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். ஒரே பாகம் மட்டும் மலிவாகக் கிடைத்தால் மட்டும் வாங்கிவிடாதீர்கள், வற்றல் போடுகிற வீடாக இருந்தால் சரி.