ஆறு மைக், ஒரு பியானோ: எந்த மென்பொருளை வாங்குவது?

கேள்வி: பியானோ கற்றுக்கொடுக்கிறேன். மாணவர்கள் நால்வர் வாசித்ததைச் சிறிய அரங்கு ஒன்றில் ஆறு மைக் வைத்துப் பதிவு செய்தோம். சுத்தியல்களுக்கு மேலே இரண்டு, பியானோவின் அடியில் ஒன்று, வளைவுக்கு வெளியே ஒன்று, அரங்கின் நடுவே இரண்டு. தனித்தனியாகக் கேட்டால் அருமை. ஆறையும் சேர்த்தால் தகர டப்பாவுக்குள் வாசித்தது போல் ஆகிவிடுகிறது. கையில் இருப்பது ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள், விண்டோஸ் லேப்டாப். 20,000 ரூபாய்க்குள் நல்ல சவுண்டு தரும் மென்பொருள் எது?

பதில்: அந்த 20,000-இல் பெரும்பகுதி உங்களிடமே இருக்கட்டும். ‘நல்ல சவுண்டு தரும் மென்பொருள்’ என்று எதுவும் இல்லை. ட்ராக்குகளை (ஒரு மைக்கின் பதிவு ஒரு ட்ராக்) சேர்ப்பது வெறும் கூட்டல் கணக்கு. ஒலி அளவும் பேன் அமைப்பும் (இடது, வலது பங்கீடு) ஒன்றாக வைத்து, எஃபெக்ட் எதுவும் போடாமல் கூட்டினால், இலவச மென்பொருளும் லட்ச ரூபாய் ஸ்டுடியோ மென்பொருளும் ஒரே விடையைத்தான் தரும்.

உங்கள் தகர டப்பாவுக்குக் காரணம் ஃபேஸ், அதாவது ஒரே ஒலியின் அலைகள் வெவ்வேறு மைக்கில் ஏற்ற இறக்கம் ஒத்துப்போகாமல் பதிவது. ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 செ.மீ. போகிறது. ஒரு மைக் இன்னொன்றைவிட 34 செ.மீ. தள்ளி இருந்து, இரண்டையும் சம அளவில் சேர்த்தால், 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். மிடில் சி-க்கு மேலே வரும் பி சுரம் கிட்டத்தட்ட அந்த இடம்தான். அப்புறம் 1,500-இல் ஒரு பள்ளம், 2,500-இல் ஒன்று. அடியில் வைத்த மைக் கதை வேறு. தந்திகளின் அதிர்வைப் பெருக்கும் ஒலிப்பலகை மேலே எழும்போது கீழே இருக்கும் காற்று எதிர்த்திசையில் இழுபடும். அதனால் அந்த ட்ராக் பெரும்பாலும் தலைகீழாகவே வந்து சேரும்.

ஆகவே மூன்று வசதிகளைப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு ட்ராக்கிலும் ஒலி அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தான் வேண்டும் (வட்டத்தின் குறுக்கே கோடு போட்டிருக்கும்). பாட்டு ஓடும்போதே ட்ராக்கை மில்லி செகண்ட் கணக்கில் நகர்த்த முடிய வேண்டும். ஆறு ட்ராக்கையும் கட்டிப்போட்டு ஒரே இடத்தில் வெட்ட முடிய வேண்டும். ஒன்று மட்டும் துளி நகர்ந்தாலும் ஃபேஸ் தொல்லை திரும்ப வரும். ஆடாசிட்டியிலும் தலைகீழாக்கலாம், நகர்த்தலாம். ஆனால் மாற்றி மாற்றிக் கேட்டு முடிவெடுக்கும் வேலைக்கு அது தோதுப்படாது.

என் தேர்வு ரீப்பர். மூன்றும் அதில் உண்டு. 60 நாள் எல்லா வசதிகளோடும் இலவசமாகச் சோதிக்கலாம். சொந்த உபயோகத்துக்கு, அல்லது ஆண்டு வரவு 20,000 டாலரைத் தாண்டாத சிறு தொழிலுக்கு, உரிமம் 60 டாலர். நம் காசில் ஐயாயிரத்துச் சொச்சம். அதற்கு மேல் வரவு இருந்தால் 225 டாலர். மாதச் சந்தா கிடையாது. முகப்பு அழகாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். முதல் வாரம் எரிச்சல் வரும். புரோ டூல்ஸின் இலவசப் பதிப்பில் எட்டு ஆடியோ ட்ராக் வரை கிடைக்கும், உங்கள் ஆறுக்கு இடம் உண்டு. ஆனால் அடுத்த முறை மைக் கூடினால் சிக்கல். லாஜிக் நல்ல மென்பொருள்தான், ஆப்பிளின் மேக்கிலும் ஐபேடிலும் மட்டுமே ஓடும். உங்களுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

சோதிக்கும்போது மாஸ்டரை (எல்லா ட்ராக்கும் சேர்ந்த மொத்த ஒலியை) மோனோவாக்கி, அதாவது இடது வலதை ஒன்றாக்கிக் கேளுங்கள். முதலில் சுத்தியல் ஜோடி மட்டும். பிறகு அடி மைக்கைச் சேர்த்து, போலாரிட்டியை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்; எதில் இடது கைச் சுரங்கள் கனமாகக் கேட்கின்றனவோ அதுதான் சரி. அடுத்து வளைவு மைக். அதைச் சில மில்லி செகண்ட் நகர்த்திப் பாருங்கள். அரங்கு மைக்குகளை நான் அதிகம் நகர்த்தமாட்டேன். 2 மீட்டர் தள்ளி இருந்தால் 6 மில்லி செகண்ட் தாமதம் வரும். அதை நேராக்கினால் அரங்கின் ஆழம் தட்டையாகிவிடும் என்பது என் காது சொல்வது, ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. எதனோடும் ஒட்டாத மைக்கை எடுத்துவிடுங்கள். நான்கே போதும் என்று முடிந்தாலும் ஆச்சரியமில்லை.

மிச்சக் காசுக்குத் தள்ளுபடி பிளக்இன் (மென்பொருளில் சேர்க்கும் கூடுதல் எஃபெக்ட்) மூட்டைகளை வாங்காதீர்கள். நான் ஒருமுறை முப்பது வாங்கி இரண்டைத்தான் திறந்தேன். நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். ரீப்பருக்குக் காசு கட்டும் முன், அந்த 60 நாளுக்குள் ஒரு மாணவரின் பதிவையாவது வெட்டி ஒட்டி முழுதாக முடித்துப் பாருங்கள். ஒட்டிய இடம் காதுக்குத் தெரியவில்லை என்றால் கட்டிவிடலாம்.